காப்பாரில் எடுத்த சிரிப்பு

என்னிடம் ஒரு படப்பிடிப்புத் தாள் இருக்கிறது. மறுநாள் யார், எத்தனை மணிக்கு, எங்கே வரவேண்டும் என்று தட்டச்சு செய்து நடிகர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கும் தாள். இடம்: காப்பார். கிழமை: சனி. தேதி இருந்த மூலையில் மழைநீர் பட்டு மை பரவிவிட்டது. கீழே வேடங்களும் ஆட்களும். ‘அப்பா’ என்பதற்கு எதிரே என் தாத்தாவின் பெயர். ‘அண்ணன் (இறந்தவர்)’ என்பதற்கு எதிரே என் சித்தப்பாவின் பெயர். கடைசி வரியில் ‘சிறுமி’ என்று மட்டும் இருக்கிறது, எதிரே பெயர் கிடையாது. அந்தச் சிறுமி நான்.

எனக்குத் தேதி விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழில் எடுத்த படங்கள், நாடகங்கள் பற்றிக் கிடைத்ததையெல்லாம் ஆண்டுவாரியாகச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்டுச் செய்யவில்லை. அந்தச் சனிக்கிழமை எது என்பதை ஓரளவுக்கு நெருங்க முடிகிறது. நான் நான்காம் ஆண்டுத் தேர்வு எழுதி முடித்திருந்தேன். அம்மா காரில் வைத்து அனுப்பிய டின்னில் தீபாவளி முறுக்கு மிச்சம் இருந்தது, நமுத்துப் போயிருந்தது. ஆகவே ஆண்டிறுதி விடுமுறையின் முதல் சனிக்கிழமையாக இருக்கவேண்டும், அல்லது இரண்டாவது. அதற்கு மேல் நெருங்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் பிறந்தவர்கள் நடக்கப் பழகும் முன்பே மேடை ஏறிவிடுவார்கள். தாத்தா பகலில் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தார். வார இறுதிகளில் கிள்ளானிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் ராஜபார்ட், அதாவது அரசர் வேடம். மகுடத்தைக் கழற்றிய பிறகும் அந்த நடை அவரிடம் இருந்தது. பாசாரில் மீன் வாங்கப் போனாலும் கூட்டம் தானாக விலகும் என்று எதிர்பார்ப்பார், பெரும்பாலும் விலகியது. என் அப்பாவுக்கு மேடை ஒத்துவரவில்லை. ஒரு நாடகத்தில் வசனம் மறந்துபோய், ஜனங்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கியவர், நேராகக் கிள்ளான் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருந்தவர் சித்தப்பா.

சித்தப்பா கழுத்து நிற்காத வயதில் நடிக்க வந்தவர். தாத்தாவின் நாடகத்தில் ஆற்றில் விடப்படும் கைக்குழந்தை அவர்தான். அழவேண்டிய இடத்தில் தூங்கிவிட்டாராம். தாத்தா அரசர் உடையிலேயே குனிந்து தொடையில் கிள்ளியிருக்கிறார். அப்படி அலறினாராம், கடைசி வரிசைவரை கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். எங்கள் வீட்டில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். சித்தப்பாவும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

வளர்ந்தபின் தொலைக்காட்சி நாடகங்களில் அவருக்குச் சின்னச் சின்ன வேடங்கள் கிடைத்தன. போலீஸ்காரர், மாப்பிள்ளைத் தோழன், கடன் கேட்டு வந்து அவமானப்பட்டுத் திரும்புகிறவர். பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருந்த ஃபிளாட்டுக்குக் கீழே அவர் தேநீர் குடிக்க உட்கார்ந்தால், பக்கத்து மேசைக்காரர் உற்றுப் பார்த்து, “அண்ணே, நீங்க அவரு மவன்தானே?” என்பார். சித்தப்பா ‘ஆமாம்’ என்று தலையாட்டுவார். “அப்பா நல்லா இருக்காரா? என்னா குரல் லா அது.” பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அப்படி இருக்கையில், தெருமுனையில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். படம் எடுக்கப் போவதாகச் சொன்னார். தொலைக்காட்சிக்கு இல்லை, தியேட்டரில் ஓடுகிற படம். தாத்தாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, “தம்பிதான் ஹீரோ” என்றார். தாத்தா ஒரு லட்டை எடுத்துப் பாதியாக உடைத்தார்.

சித்தப்பா வேலையை விட்டார். துறைமுகத்துக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தார், நிரந்தரமான வேலை. அடுத்து, பல்லைச் சரிசெய்துகொண்டார். அவருடைய முன்பல் ஒன்று மற்றதன்மேல் குறுக்காக ஏறி நிற்கும். மஸ்ஜித் இந்தியா பக்கத்தில் ஒரு பல் மருத்துவரிடம் பலமுறை போய், அதை ராவி, மேலே வெள்ளையாக உறை போட்டுக்கொண்டு வந்தார். வீங்கிய கன்னத்தோடு கஞ்சி மட்டும் குடித்துக் கிடந்த நாள்களில்கூட அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. “போலீஸ்காரனுக்கு எந்தப் பல்லும் ஆகும். ஹீரோவுக்கு குளோஸ்-அப் இருக்கு லா” என்று அம்மாவிடம் சொன்னார்.

வீக்கம் வடிந்தபின் சிரிக்கப் பழகினார். சமையலறைக்கு வெளியே மாட்டியிருந்த கண்ணாடி முன்னால் நின்று, என்னை டார்ச் விளக்கைப் பிடிக்கச் சொல்வார். நான் பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் நின்று இரண்டு கையாலும் பிடிப்பேன்.

“வாண்டு, ஆட்டாதே. பாரு, மொதல்ல கண்ணு. அப்புறம் உதடு. பல்லு கடைசிலதான் வரணும். பல்லு முந்திக்கிச்சுன்னா பற்பசை விளம்பரம் மாதிரி ஆயிடும்.”

கண், உதடு, பல். எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், என் சித்தப்பா ஹீரோ என்று. பின்வரிசைப் பையன் ஒருவன், “அப்ப வில்லன் யாரு? உங்க தாத்தாவா?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நான் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் அவனிடம் பேசவில்லை.

காப்பாருக்குப் போவதற்கு முந்தைய மாலை அந்தத் தாள் வந்தது. சித்தப்பா அதை நின்றபடியே படித்தார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு, “டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும். ஒரு வரி மாறிப் போச்சு” என்றார். ஹீரோவின் பெயருக்கு எதிரே யாரோ ஒரு புது ஆளின் பெயர் இருந்தது. தாத்தா சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்தார். தூங்கினாரா என்று எனக்குத் தெரியாது. சித்தப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஹீரோவுக்கென்று தைத்த இரண்டு சட்டைகளுக்கும் இஸ்திரி போட்டார்.

காலையில் அப்பாவின் காரில் நான்கு பேரும் கிளம்பினோம். தாத்தா முன்னிருக்கையில் அமர்ந்திருந்தார். பின்னால் சித்தப்பாவுக்கும் எனக்கும் நடுவில் அந்தச் சட்டைகள் ஹேங்கரோடு தொங்கிக்கொண்டு வந்தன. கிள்ளானைத் தாண்டியதும் செம்பனை மரங்கள் தொடங்கின. தூரத்தில் மின்நிலையத்தின் புகைக்கூண்டு தெரிந்தது. நான் முறுக்கு தின்றுகொண்டே கண், உதடு, பல் என்று சித்தப்பாவுக்கு ஞாபகப்படுத்தினேன். அவர் என் தலையைத் தட்டினார்.

படப்பிடிப்பு நடந்த வீடு செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருந்தது. முற்றத்தில் கூடாரம் போட்டு, நாற்காலிகள் அடுக்கி, சாவு வீடுபோலவே செய்திருந்தார்கள். வாசலில் ஒரு புதிய மோட்டார் சைக்கிள் நின்றது. அதன்மேல் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான், அவனுக்கு முகப்பூச்சு நடந்துகொண்டிருந்தது. தயாரிப்பாளரான அந்தத் துணிக்கடைக்காரரின் அக்கா மகன் என்றார்கள். சித்தப்பா ஹேங்கரைக் கையில் பிடித்தபடி அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இயக்குநரைத் தேடிப் போனார். நானும் பின்னால் போனேன்.

இயக்குநர் வேனுக்குப் பின்னால் பீகோன் தின்றுகொண்டிருந்தார், பொட்டலத்து நூடல்ஸைச் சமைக்காமல் அப்படியே நொறுக்கி. மரியாதையான மனிதர். பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினார்.

“பாஸ், நான் டைரக்‌ஷன் மட்டும்தான் பாக்குறேன். ஆளு போடுறது தயாரிப்பாளரு. உங்க அப்பாகிட்ட பேசியாச்சுன்னு சொன்னாரே? உங்களுக்குச் சொல்லலையா?”

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். முற்றத்தின் மறுகோடியில் தாத்தா கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒப்பனைக்கார அக்கா அவருக்கு நரைத்த மீசையை ஒட்டிக்கொண்டிருந்தார். பசை காயும்வரை முகத்தை அசைக்கக் கூடாது. அதனால் தாத்தா திரும்பாமலே, கண்ணாடிக்குள் தெரிந்த மகனைப் பார்த்து, உதடு அசையாமல் பேசினார்.

“வந்தாச்சு. முடிச்சுக் குடுத்துட்டுப் போவோம். மத்தத அப்புறம் பேசிக்கலாம்.”

தாத்தா எல்லாவற்றையும் பேசிச் சரிசெய்து வைத்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நிம்மதியாகக்கூட இருந்தது.

சித்தப்பா சட்டைகளைக் காரில் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தார். வேட்டி கட்டிக்கொண்டார். ஒப்பனைக்கார அக்கா அவருடைய மூக்கில் பஞ்சு வைத்து, தாடையைச் சேர்த்துத் தலைவழியே துணியால் கட்டினார். “ரொம்ப இறுக்கமா இருக்காண்ணே?” என்று கேட்டார். அவர் கையால் ‘பரவாயில்லை’ என்று காட்டினார். பெஞ்சில் படுத்தார். மாலை போட்டார்கள். இறந்தவரின் மகளாக என்னைத் தலைமாட்டில் உட்காரவைத்தார்கள். நான் ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும்: “அப்பா, எந்திரிங்கப்பா.” என் அப்பா கூடாரத்துக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவை அப்பா என்று கூப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது.

தாத்தா வந்தார். வாசலில் ஒரு கணம் நின்றார். மேடையில் இருபது அடி தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்காக நடித்துப் பழகியவர், அன்று கேமராவுக்கு எதையும் பெரிதாகச் செய்யவில்லை. மெல்ல வந்து மண்டியிட்டார். மகனின் நெற்றியில் இருந்த திருநீற்றைக் கட்டைவிரலால் சரிசெய்தார். பிறகு குரல் உடைந்தது. “நான் படுக்க வேண்டிய இடத்துல நீ படுத்துட்டியேடா” என்பது வசனம். யாரோ எழுதிக் கொடுத்ததுதான். ஆனால் அவர் அதைச் சொல்லி முடித்தபோது கண்ணீர் மீசைப் பசையில் இறங்கி ஓடிற்று. வேடிக்கை பார்க்க வந்திருந்த காப்பார்ப் பெண்கள் நிஜமாகவே அழுதார்கள். தமிழ் தெரியாத சீன ஒளிப்பதிவாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். என் வரியை நான் சரியாகச் சொன்னேனா என்று நினைவில்லை. சித்தப்பாவின் கன்னத்தில் ஓர் ஈ உட்கார்ந்து, மூக்குப் பஞ்சுவரை நடந்து, திரும்பிவந்ததை மட்டும் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை.

இயக்குநர் ‘கட்’ சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். தாத்தாவைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து மைலோ கொடுத்தார்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். நாடக மேடையில் செத்தவன் திரை விழுந்ததும் எழுந்துவந்து கும்பிடுவான், ஜனங்களும் பார்த்துவிடுவார்கள். படத்தில் அது கிடையாது. கேமராவுக்கு முன்னால் செத்தவன் செத்தவனாகவே நின்றுவிடுகிறான். அதனால் பிணமாக நடித்தவர் எழுந்திருக்கும் முன், அதே இடத்தில் படுத்தபடி கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்கவேண்டும். அந்தச் சிரிப்பையும் படம் பிடிப்பார்கள். படத்தில் சேர்க்க இல்லை, தோஷம் கழிக்க. சிரிக்காமல் எழுந்தால் ஆகாது என்று இந்தத் தொழிலில் உள்ள எல்லோரும் நம்பினார்கள். எதையும் நம்பாதவர்களும் இதை மட்டும் செய்துவிட்டுத்தான் நகர்வார்கள்.

தாடைக்கட்டை அவிழ்த்து, பஞ்சை எடுத்தார்கள். “அண்ணே, சிரிங்க” என்றார் உதவி இயக்குநர்.

சித்தப்பா கண்ணைத் திறக்கவில்லை.

“அண்ணே, தூங்கிட்டீங்களா?” சிலர் சிரித்தார்கள். “சொகமா இருக்கு போல. எங்களுக்கும் ஒரு பெஞ்சு போடுங்க லா.” இன்னும் சிலர் சிரித்தார்கள். மார்பு ஏறி இறங்குவது எனக்குப் பக்கத்தில் தெரிந்தது. தூங்குகிறவரின் மூச்சாக அது இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு நின்றது. ஒப்பனைக்கார அக்கா வாய்க்குள் ஏதோ சாமி பெயரை முணுமுணுத்தார். செம்பனைப் பக்கமிருந்து காற்று மாறி அடித்தது, கூடாரத்தின் மேல் முதல் தூறல் விழுந்தது.

தாத்தா நாற்காலியில் இருந்தபடியே, “சிரிடா” என்றார். ராஜபார்ட் குரல். முற்றம் முழுவதும் கேட்டது. பெஞ்சில் எந்த அசைவும் இல்லை. “டேய், ஆகாதுடா. சிரிச்சுடு” என்று இரண்டாம் முறை சொன்னபோது அந்தக் குரலில் ராஜா இல்லை.

ஒளிப்பதிவாளர் கேமராவைத் தட்டிக் காட்டி, “பாஸ், டேப் ஹாபிஸ்” என்றார். டேப் முடிந்துவிட்டது என்பதைச் சொல்ல அவருக்கு அந்த ஒரு மலாய்ச் சொல் போதும். இயக்குநர் அவரிடம் ஏதோ கையசைத்தார். பிறகு என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளி, “பாப்பா, நீ சிரிக்கவை” என்றார்.

நான் உள்ளங்காலைச் சுரண்டினேன். மூக்கைத் திருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. பெஞ்சில் ஏறி நின்று, கையில் டார்ச் இருப்பதுபோல் இரண்டு கையையும் சேர்த்து அவர் முகத்துக்கு மேலே நீட்டினேன்.

“சித்தப்பா, லைட் புடிச்சிருக்கேன்” என்றேன். “ஆட்டல.”

அவர் கண்ணைத் திறந்தார். கொஞ்ச நேரம் என் வெறும் கைகளைப் பார்த்தார். பிறகு முகத்தைக் கேமராப் பக்கம் திருப்பினார். முதலில் கண் சிரித்தது. பிறகு உதடு விரிந்தது. கடைசியாக, அந்தப் புதிய வெள்ளைப் பல்லோடு முழுவரிசையும் தெரிந்தது. மாலையும் திருநீறுமாக அப்படி ஓர் அழகான முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மோட்டார் சைக்கிளில் இருந்த இளைஞன்கூட வாயைப் பிளந்து பார்த்தான். எல்லோரும் கைதட்டினார்கள், தாத்தாவுக்குத் தட்டியதைவிடப் பலமாக என்று எனக்குப் பட்டது. மழை கொட்டத் தொடங்கியது. ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சித்தப்பாவின் சட்டைப் பையில் இருந்த படப்பிடிப்புத் தாளின் மூலை நனைந்தது அப்போதுதான்.

திரும்பும் வழியில், “நான்தான் சித்தப்பாவ சிரிக்க வச்சேன்” என்று கிள்ளான் வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

“ஆமா லா வாண்டு. நீ இல்லன்னா இன்னும் அங்கயே கெடந்திருப்பேன்” என்றார் சித்தப்பா. அப்பா சிரித்தார். தாத்தா காரின் முன்கண்ணாடியில் தண்ணீரை வழிக்கும் துடைப்பானையே பார்த்துக்கொண்டு வந்தார்.

படம் வெளிவந்து சில நாள் ஓடியது. தாத்தாவின் அழுகையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார்கள், கிள்ளானில் பொன்னாடை போர்த்தினார்கள். ஹீரோவாக நடித்த அந்த இளைஞர் பிறகு காப்புறுதி பாலிசி விற்கப் போய்விட்டார். சித்தப்பாவுக்கும் அந்தப் படத்தால் பெயர் கிடைத்தது: ஈ உட்கார்ந்தாலும் அசையாதவர் என்று. “அண்ணே, வர்ற வாரம் ஒரு சாவு இருக்கு, ஃபிரீயா?” என்று தொலைபேசியில் கேட்பார்கள். அவர் போனார். குடிகாரக் கணவனாக, விபத்தில் இறந்த லோரி ஓட்டுநராக, சுவரில் மாலையோடு தொங்கும் படமாக நடித்தார். என் ஆண்டுவாரித் தொகுப்பில் அவர் பெயருக்கு நேரே எழுதும்போது, உயிரோடு வசனம் பேசிய வேடங்களைத் தனியாகப் பிரிக்க முயன்றேன். காப்பாருக்குப் பிறகு அந்தப் பக்கம் கிட்டத்தட்ட வெறுமையாகவே இருக்கிறது. துறைமுக வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

தாத்தா இறந்து காரியமெல்லாம் முடிந்த பிறகுதான், நெடுஞ்சாலை நெரிசலில் கார் நின்றிருந்தபோது, அப்பா எனக்கு மிச்சத்தைச் சொன்னார். தயாரிப்பாளர் இரண்டாம் முறையும் வீட்டுக்கு வந்திருக்கிறார். அப்பா வேடம், ஹீரோ வேடம் இரண்டையும் ஒரே வீட்டுக்குக் கொடுத்தால் குடும்பப் படம் என்று பேசுவார்கள், அப்பா வேடத்துக்குச் சென்னையிலிருந்து ஆள் கூட்டிவரலாமா, இல்லை ஹீரோவை மாற்றலாமா, நீங்களே சொல்லுங்கள் என்றிருக்கிறார். ஆயுள் முழுக்க மேடையில் நின்றும் தாத்தாவின் முகம் ஒருநாளும் தியேட்டர் திரையில் வந்ததில்லை.

“என்னப் போடு, அவனுக்கு வயசு இருக்குன்னாரு” என்றார் அப்பா. “சின்னதா எதாச்சும் ஒண்ணு அவனுக்கும் குடுன்னும் சொன்னாரு. அதான் அந்தப் பொணம்.”

சித்தப்பா சென்ற ஆண்டு கிள்ளானில் காலமானார். பத்திரிகையில் நான்கு வரி வந்தது. அதில் முதல் இரண்டு வரி அவர் யாருடைய மகன் என்பது. வீட்டுக்கு வந்திருந்தவர்களில் பாதிப்பேர் பழைய நாடகக்காரர்கள். மாலை போட்ட பிறகும் அவர்கள் சவப்பெட்டியைவிட்டு நகரவில்லை. ஏதோ பாக்கி இருப்பதுபோல், முகத்தைப் பார்த்தபடி சுற்றி நின்றுகொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒப்பனைக்கார அக்காதான், இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டவர், “போதும், வாங்க” என்று அவர்களை வெளியே அழைத்துப்போனார்.

பத்து வயதில் நான் அவரைச் சிரிக்கவைத்ததாக நினைத்தேன். கண், உதடு, பல் என்று அவர் பழகிய அதே வரிசையில் வந்ததால் சந்தோஷமாகத்தான் சிரிக்கிறார் என்று முடிவு செய்துவிட்டேன். நிஜமாகச் சிரிக்கிற எவருக்கும் வரிசை இருக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவர் ஹீரோவாக நடித்தது அந்த ஒரு ஷாட்டில்தான்.

அந்தச் சிரிப்பு டேப்பில் பதிவானதா என்பதைத்தான் சில ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது என்பது என் நினைவு. எரியவில்லை, ஒளிப்பதிவாளர் அதற்குள் உறையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார் என்கிறார் அப்பா. ஒளிப்பதிவாளர் இப்போது ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார். தொலைபேசியில் கேட்டபோது, சிரிப்பை எடுக்காமல் ஒருநாளும் விட்டதில்லை என்றார், ஆனால் காப்பார் அவருக்கு நினைவில் இல்லை. டேப்புகள் செந்தூலில் ஒரு கிடங்கில் இருந்தன. அந்த இடத்தில் இன்று அடுக்குமாடிக் கொண்டோமினியம் நிற்கிறது. கிடங்கைக் காலிசெய்தபோது டேப்புகள் எங்கே போயின என்று சொல்லக்கூடியவர் எவரையும் நான் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. ஆகவே தொகுப்பில் அந்தச் சனிக்கிழமைக்கு நேரே இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்: சிரித்தார், கேமரா ஓடியதா என்பது உறுதிப்படவில்லை.